முன்பள்ளி வாசலில் நிற்கும் தாய்மார்

வருடத் தொடக்கத்தில் எந்தக் கிராமத்து முன்பள்ளிக்குப் போனாலும் ஒரே காட்சியைக் காணலாம். உள்ளே பத்துப் பதினைந்து பிள்ளைகள் அழுதுகொண்டிருப்பார்கள். வெளியே தாய்மார் வேலியைப் பிடித்தபடி நிற்பார்கள். பிள்ளைகளின் அழுகை ஒரு கிழமையில், மிஞ்சினால் மூன்று நான்கு கிழமைகளில் ஓய்ந்துவிடும். வேலியோரம் நிற்பவர்களில் சிலர் மட்டும் இரண்டாம் தவணை தொடங்கிய பின்பும் அங்கேயே நிற்பார்கள். சமூகப் பணியாளர் என்ற முறையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பல முன்பள்ளிகளுக்குப் போய் வருபவள் நான். இந்த வருடம் என் மகளும் முன்பள்ளிக்குப் போகத் தொடங்கியிருப்பதால், ஒரு தாயாகவும் இதைப் பற்றி எழுதலாம் எனத் தோன்றியது.

குடும்பம் பிள்ளையின் முதன்மைச் சமூகமயமாக்கல் நடைபெறும் இடம், அடுத்த நிலை பாடசாலை என்று சமூகவியலில் படித்தோம். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் பாதை பற்றிப் புத்தகத்தில் அதிகம் இருக்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பாதை பரந்தன் - முல்லைத்தீவு வீதி. 2008 இன் கடைசியிலும் 2009 இன் தொடக்கத்திலும் தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம் என்று மூட்டை முடிச்சுகளுடன் நாங்கள் கிழக்கு நோக்கி நகர்ந்ததும் இதே வீதியால்தான். சனத்துக்குள் பிள்ளையின் கையை விட்டுவிடாதே என்பதுதான் அந்த மாதங்களில் எல்லாத் தாய்மாரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது. அப்படித் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த சிறுமிகள் இன்று பிள்ளைகளுக்குத் தாய்மார். முன்பள்ளி வாசலில் ரீச்சர் அவர்களிடம் சொல்லும் முதல் வார்த்தை, "கையை விடுங்கோ அம்மா, பிள்ளை உள்ளுக்கு வரட்டும்" என்பது. சொல்வது இலகு.

எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேர். கணவர் மேசன் வேலை செய்பவர், காலை ஆறரைக்கே வெளிக்கிட்டுவிடுவார். நான் எட்டேகால் பஸ்ஸைப் பிடித்தால்தான் அலுவலகத்துக்கு நேரத்துக்குப் போகலாம். மகளுக்கு மூன்று வயதும் பத்து மாதமும். என் அம்மாவும் எங்களுடன் இருக்கிறார். முன்பள்ளி தொடங்கும்வரை, மகள் எழும்பும் நேரம் எழும்பட்டும் என்று விட்டிருந்தோம். இப்போது அவள் ஆறு மணிக்கு எழும்ப வேண்டும். ஆறு மணிக்கு எழும்ப வேண்டுமானால் இரவு எட்டரைக்குப் படுக்க வேண்டும். எட்டரைக்குப் படுக்க வேண்டுமானால் வீட்டில் தொலைக்காட்சி நாடகம் ஓடக் கூடாது. அம்மா பார்க்கும் நாடகம் தொடங்குவதே எட்டு மணிக்கு! இந்தச் சின்ன விடயத்துக்காக எங்கள் வீட்டில் மூன்று நாள் மாநாடு நடந்தது. கடைசியில் நாடகம் தோற்றது. இப்போது அம்மா அடுத்த நாள் பக்கத்து வீட்டில் கதையைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.

பிஸ்கட்டும் பைக்கற்றில் அடைத்த தீனிகளும் கொண்டுவரக் கூடாது என்பது முன்பள்ளியின் விதி. நல்ல விதிதான். ஆனால் அதற்காக முதல் நாள் இரவே பயறோ கடலையோ ஊறப்போட வேண்டும். மறந்தால் விடிய ரொட்டிதான். நாலரைக்கு எழும்பி, புட்டவித்து, கணவருக்கு மத்தியானச் சாப்பாட்டைக் கட்டி, பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியையும் நிரப்பி முடிக்கும்போது, அவள் ஒரு சப்பாத்தை மட்டும் போட்டுக்கொண்டு மற்றதைக் கோழிக்கூட்டுப் பக்கம் எறிந்திருப்பாள். வீட்டுக்கு வீடு இந்தக் கதைதான் என்பதால் இதை நீட்டவில்லை.

செலவைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் முன்பள்ளியில் மாதம் 500 ரூபாய் கட்டுகிறோம். அது பெரிய காசில்லை என்று சொல்பவர்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தின் கணக்குத் தெரியாது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல், இரண்டு சீருடை என்று வாங்கும்போதே கை வெறுமையாகிவிடும். அதற்கு மேல் படம் போட்ட பைதான் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடிக்கும். அந்தப் பைக்குள் போவது ஒரு சாப்பாட்டுப் பெட்டியும் ஒரு லேஞ்சியும் மட்டுமே. வீட்டில் தைத்த துணிப்பை தாராளமாகப் போதும். பிறப்புச் சான்றிதழையும் கிளினிக் புத்தகத்தையும் மட்டும் முதலிலேயே எடுத்து வையுங்கள். 3 வயதில் போட வேண்டிய எம்.எம்.ஆர். தடுப்பூசி விடுபட்டிருந்தால், சேர்க்கும் நேரத்தில்தான் அது வெளியே வரும்.

முதல் நாள் நான் லீவு போட்டு மகளைக் கொண்டுபோய் விட்டேன். அழுதாள், ரீச்சர் தூக்கினார், நான் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாம் நாளிலிருந்து அம்மாவின் பொறுப்பு. அம்மா வீட்டுக்குத் திரும்பி வருவதே இல்லை என்பது கிழமைக் கடைசியில்தான் எனக்குத் தெரிய வந்தது. வேலிக்கு வெளியே உள்ள வேப்பமரத்தின் கீழ் பதினொன்றரை மணி வரையும் இருந்திருக்கிறார். மகள் விளையாட்டின் நடுவில் ஓடிவந்து வேலியால் எட்டிப் பார்ப்பாள். அம்மம்மா கை காட்டுவார். உடனே அவளுக்கு அழுகை வந்துவிடும். மற்றப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக் கைதட்டத் தொடங்கிய பிறகும் எங்கள் பிள்ளை வேலியடியிலேயே நின்றாள்.

அம்மாவை நான் குறை சொல்ல முடியாது. 2009 சித்திரையில் முள்ளிவாய்க்கால் பக்கம் தறப்பாள் கொட்டிலில் இருந்தபோது, என் தம்பி தண்ணீர் எடுக்கப் போனான். அவனுக்குப் பதினாறு வயது. "இந்தா வாறன் அம்மா" என்று கானைத் தூக்கிக்கொண்டு போனவன் இன்று வரை வரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது, அவனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவும் அங்கே போய் இருந்தார். இப்படிப்பட்டவரிடம் "பிள்ளை பதினொன்றரைக்கு வந்திடும், நீங்கள் வீட்டை போங்கோ" என்று எப்படிச் சொல்வது? எந்த நேரமும் திரும்பி வரலாம் என்று ஒருவரைக் காத்திருக்கும் தாய்க்கு, கண்ணுக்கு மறைந்தவர் எல்லோரும் அந்தக் கணக்கில்தான் சேர்வார்கள்.

வழியைக் கண்டுபிடித்தவர் ரீச்சர்தான். வயது இருபத்தெட்டுக்கு மேல் இராது. சில ஆயிரம் ரூபாய்க் கொடுப்பனவுக்கு முப்பது பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்பவர். அவர் அம்மாவை ஏசவும் இல்லை, விளக்கம் கொடுக்கவும் இல்லை. "அம்மா, கஞ்சிக்கு இலை ஆய ஆளில்லை, ஒருக்கா வாறீங்களா?" என்று கேட்டார். எங்கள் முன்பள்ளியில் தாய்மார் முறை வைத்து இலைக்கஞ்சி காய்ச்சுவது வழக்கம். அம்மா குசினிக் கொட்டிலுக்குப் போனார். வல்லாரையும் முருங்கையிலையும் ஆய்ந்தார். கொட்டில் கட்டடத்துக்குப் பின்புறம் இருக்கிறது. அங்கிருந்து பிள்ளை தெரியாது, ஆனால் சத்தம் கேட்கும். எங்கள் முறை கிழமையில் ஒரு நாள்தான். அம்மா இரண்டு கிழமை எல்லா நாளும் போனார். அழுகைச் சத்தம் குறைந்து பாட்டுச் சத்தம் கேட்பதை அம்மா தன் காதாலேயே கேட்டார். இப்போது ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார். பிறகு பதினொரு மணிக்கே திரும்பப் போய் வாசலில் நிற்கிறார். அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றி நான் ஒன்றும் கேட்பதில்லை.

"பிள்ளை பராக்குப் பார்க்கிற நேரம் மெல்ல மாறிவிடு" என்பது ஊரில் எல்லோரும் கொடுக்கும் புத்திமதி. எனக்கு இதில் உடன்பாடில்லை. சொல்லாமல் போன தாயை மூன்று வயதுப் பிள்ளை தொலைந்துபோனவளாகவே நினைக்கும். அடுத்த நாள் முன்பள்ளி வீதி தொடங்கும் இடத்திலேயே சேலையைப் பிடித்துக்கொள்ளும். சொல்லிவிட்டுப் போனால் பிள்ளை அழும்தான். அழட்டும். போகிறேன் என்று ஒருமுறை சொல்லி, கொஞ்சி, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். மூன்று தரம் திரும்பி வந்து கண்ணீர் துடைத்துவிடும் தாயைப் பிள்ளை நான்காம் தரமும் எதிர்பார்க்கும்.

பதினொன்றரை மணி என்றால் பிள்ளைக்கு விளங்காது. "கஞ்சி குடிச்சு, கதை கேட்டு, மணி அடிச்ச உடன அம்மம்மா நிப்பா" என்றால் விளங்கும். அப்படிச் சொன்னால் மணி அடிக்கும்போது அம்மம்மா அங்கே நிற்கத்தான் வேண்டும். பத்து நிமிடம் பிந்தினாலும் எல்லாப் பிள்ளைகளும் போய் முடிந்த வெறும் முற்றத்தில் அந்தப் பிள்ளை தனியே நிற்கும். வர முடியாத நாளில் யார் வந்து கூட்டிப்போவார் என்பதைக் காலையிலேயே பிள்ளைக்கும் ரீச்சருக்கும் சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு ஆள் வருவதை நாளுக்கு நாள் கண்டுதான் பிள்ளை நம்பப் பழகுகிறது. இந்த விடயத்தில் எங்கள் வீட்டில் பிள்ளையோடு சேர்ந்து அம்மாவும் பழகிக்கொண்டிருக்கிறார்.

விட்டிருந்த விரல் சூப்பும் பழக்கம் இந்த நாட்களில் திரும்ப வரலாம். இரவில் படுக்கையில் சலம் போகலாம். ஏசாமல் விட்டால் பெரும்பாலும் தானாக மாறும். மாதக்கணக்கில் நீடித்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். தாய்க்கே நெஞ்சு படபடப்பும் நித்திரையின்மையும் தொடர்ந்தால், அதைப் பிள்ளைப் பாசம் என்று மட்டும் எண்ணி விட்டுவிடாதீர்கள். மாவட்ட வைத்தியசாலைகளில் உள்ள மனநலப் பிரிவுக்குப் போகலாம். 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் மனநல ஆலோசனை பெறலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் சந்தித்த ஒரு தாய், பிள்ளைக்கு நாலரை வயதாகியும் முன்பள்ளிக்கு விடவில்லை. "வீட்டிலை நான் சொல்லிக் குடுக்கிறன்தானே" என்பார். கணவர் கட்டாரில். அந்த வீட்டில் பகல் முழுவதும் அவருக்குக் கதைக்க இருந்த ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான் என்பது இரண்டாம் முறை போனபோது விளங்கியது. இன்னொருவர் சிறுமியாக இருந்தபோது எறிகணையில் ஒரு காலை இழந்தவர், செயற்கைக் காலுடன் சைக்கிள் மிதித்துப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறார். முதல் நாள் மற்றப் பிள்ளைகள் அந்தக் காலைப் பார்த்துக் கேள்வி கேட்க, மகன் வீட்டுக்கு வந்து, "அம்மா, நாளைக்கு நீங்கள் வாசல்லயே நில்லுங்கோ" என்றிருக்கிறான். அவர் அழுதாரா என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாள் உள்ளே போய்ப் பாயில் இருந்து, பிள்ளைகளுக்குக் காலைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தாராம். ஒரு கிழமையில் அது பழைய விடயமாகிவிட்டது.

எட்டிலிருந்து பதினொன்றரை வரையான மூன்றரை மணித்தியாலத்தைத் தாய்மார் என்ன செய்கிறார்கள்? விறகு, தண்ணீர், தையல், வயல் வேலை, நுண்கடன் கட்டும் கூட்டம் என்று அது கரைந்துவிடுகிறது. பிள்ளை வீட்டில் இல்லாத நேரம் வேலைக்கான நேரம் என்றே மாமியாரும் கணவரும் நினைக்கிறார்கள், நாமும் நினைக்கிறோம். எங்கள் பெண்கள் குழுவில் ஒருவர், "நேற்று ஒரு தேத்தண்ணியை ஆறமுதல் இருந்து குடிச்சன் அக்கா" என்று ஏதோ களவு செய்தவர் போலச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகு அந்தக் குழுவில் ஆளுக்காள் தேத்தண்ணிக் கணக்குச் சொல்வது ஒரு பகிடியாகிவிட்டது. எனக்கு அது பகிடியாகத் தெரியவில்லை.

இனி எழுத்து விடயம். "எங்கட பிள்ளை இன்னும் ஆனா எழுதேல்லை, ரீச்சர் என்ன படிப்பிக்கிறா?" என்ற முறைப்பாட்டை எல்லா முன்பள்ளியிலும் கேட்கலாம். இந்த அவசரம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். மரநிழலிலும் தறப்பாளுக்குக் கீழும் படித்தவர்கள் நாங்கள். நானே 2009 ஆவணியில் மெனிக் பாம் முகாமில் இருந்துதான் உயர்தரப் பரீட்சை எழுதினேன். இழந்த வருடங்களைப் பிள்ளையின் கொப்பியில் பிடித்துவிடலாம் என்று தாய்மார் எண்ணுகிறார்கள். ஆனால் மூன்று வயதுப் பிள்ளையின் விரல்கள் பென்சிலை இறுக்கிப் பிடித்து எழுதத் தயாராக இருப்பதில்லை. மண்ணைக் குழைத்து, கடதாசி கிழித்து ஒட்டி, பந்தெறிந்து விளையாடும்போதுதான் அந்தப் பலம் வருகிறது. வரிசையில் நிற்கவும், தன் முறை வரும்வரை பொறுத்திருக்கவும், சலம் வருகிறது என்று வாய்திறந்து சொல்லவும் பழகுவதே இந்த வயதின் படிப்பு. தரம் 1 இல் சேர, ஜனவரி 31 ஆம் திகதிக்கு 5 வயது நிறைந்திருக்க வேண்டும். எழுத்தை அங்கே தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொடுப்பார்கள். தாய்மாரின் நெருக்குதலுக்குப் பயந்து மூன்று வயதுக்கே வீட்டுவேலை கொடுக்கும் முன்பள்ளிகள் சில இருக்கின்றன. "நல்ல பள்ளி" என்று பெயர் எடுப்பவையும் அவைதான்.

தைப்பூசத்தன்று மகளுக்கு ஏடு தொடக்கினோம். அரிசியில் ஒரு எழுத்து எழுதுவித்ததும், அவள் மீதி அரிசியில் தன் பாட்டுக்கு வட்டம் வட்டமாகக் கீறினாள். அதுவே இப்போதைக்குப் போதும் என்பது என் எண்ணம். அம்மாவோ கடையில் இரட்டைக் கோடு போட்ட கொப்பி இரண்டு வாங்கி வைத்திருக்கிறார். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுத்து வேலை வேண்டாம் என்று கதைக்க இருக்கிறேன். எதிர்ப்பக்கத்தில் முதல் ஆளாக எழும்பப் போவது அவராகத்தான் இருக்கும்.