எந்த யந்திரத்திற்கு எந்த உபுண்டு?

நம்மில் பலருடைய வீடுகளில் எட்டுப் பத்து வருஷங்களுக்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. விசைப்பலகை தேயவில்லை, திரை மங்கவில்லை. ஆயினும் அதற்கு வயோதிகம் வந்துவிட்டதென்று தீர்ப்பாகி விட்டது. 2025-ஆம் வருஷம் அக்டோபர் 14-ஆம் தேதியுடன் 'விண்டோஸ் 10' இயங்குதளத்திற்கு மைக்ரோஸாப்ட் கம்பெனியாரின் வழக்கமான ஆதரவு முடிந்தது. 'விண்டோஸ் 11'-ஓ, புதிய பிராஸஸரும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் இல்லாத யந்திரங்களை ஏற்க மறுக்கிறது. நன்றாக உழைக்கும் பண்டத்தைப் பழைய சாமான் கடைக்குப் போட மனமில்லாத குடும்பங்களுக்கு லினக்ஸ் ஒரு வழி காட்டுகிறது.

1991-இல் பின்லாந்து தேசத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் இதன் கருப்பகுதியை எழுதி, யாவரும் பார்க்கவும் திருத்தவும் வெளியிட்டார். அதைக் கொண்டு பலர் பல இயங்குதளங்களைச் சமைத்தனர். அவற்றுள் ஒன்று உபுண்டு. தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் ஸ்தாபித்த கனானிகல் கம்பெனி 2004 அக்டோபரில் இதன் முதற் பதிப்பை வெளியிட்டது. இதற்கு விலை கிடையாது.

பதிப்பின் ஜாதகம்

உபுண்டுவின் பதிப்பு எண்ணே அதன் ஜாதகம். முற்பகுதி வருஷம்; பிற்பகுதி மாதம். 4.10 என்றால் 2004 அக்டோபர். 2006 ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பு இரண்டு மாதம் தாமதித்தபடியால் 6.06 என்றே பெயர் பெற்றது.

ஆறு மாதத்திற்கு ஒரு பதிப்பு வருகிறது. இடைப்பட்ட பதிப்புகளுக்கு ஆதரவு 9 மாதமே. இரட்டைப்படை வருஷத்து ஏப்ரலில் வரும் 'எல்.டி.எஸ்.' பதிப்புகளுக்கு 5 வருஷம். குடும்பத்திற்கு ஏற்றது இதுதான். புதுமையில் மோகம் கொண்டு அவசரப்படுவோர் 17.10 பதிப்பின் கதையை நினைவில் வைப்பது நல்லது. 2017 அக்டோபரில் வெளியான அப்பதிப்பு, லெனோவா முதலிய சில மடிக்கணினிகளின் பயாஸ் அமைப்பையே பழுதாக்கியது. டிசம்பரில் கம்பெனியார் அதை இறக்கிக் கொள்ள முடியாதபடி நிறுத்தி, 2018 ஜனவரியில் திருத்தி வெளியிட்டனர்.

யந்திரத்தின் சக்தியையும் பார்க்க வேண்டும். 24.04 பதிப்பிற்கு 4 ஜி.பி. ராம் நினைவகமும் 25 ஜி.பி. வட்டு இடமும் வேண்டுமென்கிறார்கள். சக்தி குறைந்தவற்றிற்கு லுபுண்டு, சுபுண்டு என்ற இலகுவான தம்பிமார் உண்டு.

நிறுவுமுன்

இறக்கிய கோப்பை யூ.எஸ்.பி. பென்டிரைவில் வெறுமனே நகல் எடுத்து வைத்தால் யந்திரம் அதிலிருந்து துவங்காது. ரூஃபஸ், பலேனா எட்சர் போன்ற கருவிகளால் எழுத வேண்டும். பிறகு அதிலிருந்தே உபுண்டுவைத் துவக்கி, வட்டைத் தொடாமல் பரீட்சித்துப் பார்க்கலாம். வைஃபை கிடைக்கிறதா, ஒலி கேட்கிறதா, பிரிண்டர் அச்சிடுகிறதா என்று அப்பொழுதே பார்த்துவிடுங்கள்.

நிறுவும்போது 'வட்டை அழித்து நிறுவுக' என்ற தெரிவு ஒன்று வரும். அது சொன்னதைச் செய்யும். குழந்தையின் முதற் பிறந்த நாள் படங்களும், வீட்டுப் பத்திரத்தின் பிரதியும் அந்த ஒரு சொடுக்கில் போய்விடும். ஆகையால் முக்கியமான யாவற்றையும் வேறொரு வட்டில் பிரதி செய்து, அது திறக்கிறதா என்றும் பார்த்த பிறகே மேலே செல்லவும். விண்டோஸையும் உடன் வைத்துக்கொள்ள விரும்புவோர், 'பிட்லாக்கர்' பூட்டு போட்டிருக்கிறதா என்று பார்த்து, அதன் மீட்புச் சாவி எண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொள்வது அவசியம்.

வழக்கமான உபாதைகள்

திரை கறுத்து நின்றால் பெரும்பாலும் கிராபிக்ஸ் அட்டையின் கோளாறு. என்விடியா அட்டைகளில் இது சகஜம். துவக்கப் பட்டியலில் 'சேஃப் கிராபிக்ஸ்' என்பதைத் தேர்ந்து உள்ளே போய், தக்க டிரைவரை நிறுவினால் சரியாகும். வைஃபை கிடைக்காவிடில், கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து இன்டர்நெட் பெற்று, 'கூடுதல் டிரைவர்கள்' பகுதியைப் பாருங்கள். 'செக்யூர் பூட்' இயங்கும் யந்திரத்தில், டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறு துவக்கத்தில் தோன்றும் நீலத் திரையில் அதையே திரும்பக் கொடுத்துச் சம்மதிக்க வேண்டும். அந்தத் திரையைத் தவற விட்டவர்களுக்கு டிரைவர் இருந்தும் வேலை செய்யாது.

இரண்டு இயங்குதளம் உள்ள யந்திரத்தில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தவறினால் பயப்பட வேண்டாம். யந்திரக் கடிகாரத்தை லினக்ஸ் சர்வதேச நேரமாகவும், விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் கொள்வதால் வரும் சச்சரவு அது. இரண்டில் ஒன்றை மற்றதன் வழக்கத்திற்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

புதுப்பிக்கும்போது மின்சாரம் நின்று யந்திரம் எழும்பாவிட்டாலும் கதி உண்டு. துவக்கப் பட்டியலின் 'அட்வான்ஸ்டு' பகுதியில் முந்தைய கெர்னல் பத்திரமாக இருக்கும். அதைக் கொண்டு உள்ளே நுழையலாம். அங்கேயே உள்ள மீட்பு முறை, அரைகுறையாய் நின்ற பொதிகளைச் சீர்செய்யும்.

ஒரு எல்.டி.எஸ். பதிப்பிலிருந்து அடுத்ததற்குப் போகையில் படி தாண்டக் கூடாது: 20.04-இலிருந்து 22.04, அதிலிருந்தே 24.04. புதிய பதிப்பு வந்த சில மாதங்களில் அதன் முதல் திருத்தம் வெளியாகும். அதுவரை பொறுத்திருந்து, ஒரு விடுமுறை நாளில், பிரதி எடுத்த வட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.