ஞானப்பல் அகற்றல்

ஞானப்பல் அகற்றல் என்பது, தாடையின் கடைக்கோடியில் முளைக்கும் மூன்றாம் கடைவாய்ப் பற்களுள் ஒன்றையோ பலவற்றையோ அறுவை முறையிலோ எளிய பிடுங்கல் முறையிலோ எடுத்துவிடுதல் ஆகும். இப்பற்கள் அறிவுப்பற்கள் எனவும் அழைக்கப்படுகின்றன. அறுவை பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். ஆனால் வீக்கமும் வலியும் அடங்கி இயல்பாக உண்ணத் தொடங்குவதற்கு ஒரு வாரம் வரை ஆகலாம். பல் எடுக்கப்பட்ட குழியில் உறையும் குருதிக்கட்டி நிலைத்திருப்பதே இவ்வொரு வாரத்தின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. அறுவைக்குப் பின் மருத்துவர் கூறும் கட்டுப்பாடுகளுள் பெரும்பாலானவை அக்கட்டியைக் காப்பதற்கானவையே.

பல்லும் பெயரும்

முதற் கடைவாய்ப்பல் ஏறத்தாழ 6 அகவையிலும், இரண்டாவது ஏறத்தாழ 12 அகவையிலும் முளைக்கின்றன. மூன்றாவதான ஞானப்பல் பொதுவாக 17 முதல் 25 வரையான அகவையில் வெளிவருகின்றது. அறிவு முதிரும் பருவத்தில் முளைப்பதால் இலத்தீன் மொழியில் இப்பெயர் அமைந்தது. ஏனைய பல மொழிகளும் அதனையே பின்பற்றின. சப்பானிய மொழியில் இது 'பெற்றோர் அறியாதது' என்னும் பொருளிலும், கொரிய மொழியில் 'காதல் பல்' என்னும் பொருளிலும், துருக்கிய மொழியில் 'இருபது அகவைப் பல்' என்னும் பொருளிலும் அழைக்கப்படுகின்றது. இப்பெயர்கள் யாவும் பல் முளைக்கும் பருவத்தையே சுட்டுகின்றன.

எல்லோருக்கும் நான்கு ஞானப்பற்களும் இருப்பதில்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அவற்றுள் ஒன்றேனும் உருவாவதே இல்லை. உருவானவையும் எப்பொழுதும் நேராக முளைப்பதில்லை. தாடையில் இடம் போதாதபோது பல் எலும்புக்குள்ளோ ஈற்றுக்கு அடியிலோ சிக்கிக்கொள்கின்றது. இது புதைந்த பல் எனப்படும். புதைந்த பல் எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதைக் கொண்டு 1926 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவர் ஜார்ஜ் விண்டர் வகுத்த பிரிவுகள் இன்றும் கையாளப்படுகின்றன. கீழ்த்தாடையில் மிகுதியாகக் காணப்படுவது, பல் முன்பக்கமாகச் சாய்ந்து இரண்டாம் கடைவாய்ப்பல்லின் மேல் முட்டி நிற்கும் நிலையாகும். பின்பக்கமாகச் சாய்ந்த பல் குறைவாகவே காணப்படினும் அதனை எடுப்பது கடினம். ஏனெனில் அது வெளியேற வேண்டிய திசையில் தாடையெலும்பின் மேலெழும் பகுதி மறித்து நிற்கின்றது.

எப்போது அகற்றப்படுகின்றது

பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு ஒரு மூடிபோல் படிந்திருக்கும். அதன் அடியில் உணவுத் துணுக்குகளும் நுண்ணுயிர்களும் தங்குவதால் ஈறு வீங்கி, வாய் திறக்க இயலாமல் வலிக்கின்றது. இவ்வழற்சி மீண்டும் மீண்டும் வருவதே ஞானப்பல்லை அகற்றுவதற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்று. ஞானப்பல்லிலோ அது முட்டிக்கொண்டிருக்கும் முன்பல்லிலோ சொத்தை ஏற்படுதல், பல்லைச் சுற்றி நீர்க்கட்டி தோன்றுதல், பற்களைத் தாங்கும் எலும்பு கரைதல் ஆகியவை பிற காரணங்கள்.

தொல்லை தராத பல்லையும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டுமா என்பதில் நாடுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஐக்கிய இராச்சியத்தின் நைசு எனப்படும் மருத்துவ மதிப்பீட்டு நிறுவனம், நோயற்ற புதைந்த ஞானப்பற்களை முன்தடுப்பாக அகற்றும் வழக்கம் கைவிடப்பட வேண்டும் என 2000 ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. அமெரிக்காவிலோ இளம் அகவையிலேயே அகற்றும் வழக்கம் பரவலாக உள்ளது. இளையோருக்கு வேர்கள் முழுமையாக வளராமலும் எலும்பு இறுகாமலும் இருப்பதால் அறுவை எளிதாகின்றது என்பது அவ்வழக்கத்திற்கு ஆதரவான வாதம். ஞானப்பற்கள் நெருக்குவதால் முன்பற்கள் கோணலாகின்றன என்ற கருத்து மக்களிடையே வேரூன்றியிருந்தாலும், ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. எனவே அக்காரணத்திற்காக மட்டும் பல்லை எடுப்பது தேவையற்றது எனலாம்.

இதற்கு நேர்மாறான தவறு, நோயுற்ற பல்லை வலிமாத்திரைகளால் மாதக்கணக்கில் சமாளிப்பது ஆகும். கீழ்க் கடைவாய்ப்பல்லில் தோன்றும் நோய்த்தொற்று சில வேளைகளில் நாக்கின் அடிப்பகுதிக்கும் கழுத்துக்கும் பரவுகின்றது. செருமானிய மருத்துவர் லுட்விக் 1836 இல் விளக்கியதால் லுட்விக் ஆஞ்சைனா என அழைக்கப்படும் இந்நிலையில் வீக்கம் மூச்சுக்குழலை அடைத்து உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். தாடைக்கடியில் இறுகிய வீக்கம், நாக்கு மேலெழுதல், எச்சில் விழுங்க இயலாமை, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் பல் மருத்துவரின் நேரத்திற்காகக் காத்திராமல் உடனே பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

முன்னேற்பாடுகள்

இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் எக்சு கதிர்ப் படம் முதலில் எடுக்கப்படுகின்றது. தமிழ்நாட்டுப் பல் மருத்துவமனைகளில் இது ஓ.பி.ஜி. என்றே வழங்குகின்றது. கீழ்த்தாடை எலும்பினுள் ஒரு நரம்பு கால்வாய் போன்ற வழியில் ஓடுகின்றது. ஞானப்பல்லின் வேர் அக்கால்வாய்க்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பதே படத்தில் முதன்மையாகக் கவனிக்கப்படுவது. மிக நெருங்கியிருப்பின் முப்பரிமாணப் படமும் தேவைப்படலாம்.

நோயாளி தாம் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். குருதி உறைவதைத் தடுக்கும் மருந்துகளைத் தாமாகவே நிறுத்துவது பல்லில் குருதி வடிவதைவிடப் பெரிய தீங்கை, அதாவது பக்கவாதத்தையோ மாரடைப்பையோ விளைவிக்கலாம். எலும்புத் தேய்வுக்கும் சிலவகைப் புற்றுநோய்களுக்கும் தரப்படும் பிசுபாசுபோனேட்டு வகை மருந்துகள், பல் எடுத்த இடத்தில் தாடையெலும்பு ஆறாமல் போவதற்குக் காரணமாகலாம். ஆதலால் முன்பு அவற்றை எடுத்துக்கொண்டு நிறுத்தியவர்களும் அதனைக் குறிப்பிட வேண்டும்.

வாயை மட்டும் மரக்கச்செய்யும் ஊசியுடன் அறுவை நடைபெறுமாயின் பட்டினி தேவையில்லை. அளவாக உண்டுவிட்டுச் செல்வதே நன்று. நீரிழிவு நோயாளிகளுக்கு இது இன்னும் முக்கியமானது. முழு மயக்கம் தரப்படுவதாயின் பொதுவாக 6 மணிநேரம் திட உணவு கூடாது.

அறுவையின்போது

அமெரிக்கப் பல் மருத்துவர் ஒரசு வெல்சு 1844 திசம்பர் 11 அன்று நைட்ரசு ஆக்சைடை உள்ளிழுத்துத் தமது பல் ஒன்றை வலியின்றி எடுக்கச் செய்தார். மயக்க மருந்தியலின் தொடக்க நிகழ்வுகளுள் ஒன்றாக இது கருதப்படுகின்றது. இன்று பெரும்பாலான ஞானப்பற்கள் நோயாளி விழித்திருக்கும்போதே அகற்றப்படுகின்றன. சுவீடனில் 1943 இல் நில்சு லோஃப்கிரென் உருவாக்கிய லிடோக்கெயின் இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றது. மருந்து அவ்விடத்திலேயே நெடுநேரம் தங்குவதற்காகவும், குருதி வடிவது குறைவதற்காகவும் அதனுடன் சிறிதளவு அட்ரினலின் கலக்கப்படுகின்றது. ஊசி போட்ட ஓரிரு நிமிடங்களில் நெஞ்சு படபடப்பது சிலருக்கு இதனாலேயே ஏற்படுகின்றது. அது விரைவில் அடங்கிவிடும்.

கீழ்த்தாடைக்கான ஊசி வாயின் பின்கோடியில், நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்திற்கு அருகில் போடப்படுகின்றது. சில நிமிடங்களில் அப்பக்கத்துக் கீழுதட்டில் பாதியும் நாக்கில் பாதியும் தடித்துப் போனதுபோல் தோன்றும். நோயாளிகள் பலர் அஞ்சுவது இதற்குப் பின் நிகழ்வதையே. வலியைக் கொண்டுசெல்லும் மெல்லிய நரம்பிழைகளை மருந்து எளிதில் தடுத்துவிடுகின்றது. அழுத்தத்தை உணர்த்தும் தடித்த இழைகள் அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. ஆகையால் கூர்மையான வலி இல்லாதபோதும் தாடையைத் தள்ளுவதும் நெம்புவதும் நன்றாகவே உணரப்படும். பல் விரிசலிடும் ஓசை எலும்பின் வழியே நேரடியாகச் செவிக்கு எட்டுவதால் உண்மையைவிடப் பெரிதாகக் கேட்கும். இவ்விரண்டும் மருந்து வேலை செய்யவில்லை என்பதற்கு அறிகுறிகள் அல்ல. வலி இருப்பின் கையை உயர்த்திக் காட்டினால் கூடுதல் மருந்து செலுத்தப்படும்.

புதைந்த பல்லாயின் ஈறு கீறி விலக்கப்பட்டு, பல்லை மூடியுள்ள எலும்பு சிறிது குடையப்படுகின்றது. பின்னர்ப் பல் இரண்டு அல்லது மூன்று துண்டுகளாக வெட்டப்பட்டு எடுக்கப்படுகின்றது. முழுப்பல்லையும் ஒரே தடவையில் எடுக்கவேண்டுமானால் மிகுதியான எலும்பை இழக்க நேரிடும் என்பதே வெட்டுவதற்கான காரணம். எலும்பின் வெப்பநிலை 47 பாகை செல்சியசை எட்டி ஒரு நிமிடம் நீடித்தாலே திசு சிதைவுறும். இதனால் குடையும்போது உப்புநீர் தொடர்ந்து பாய்ச்சப்படுகின்றது. வாயில் நீர் நிறைந்துகொண்டே இருப்பதும், உறிஞ்சுகுழல் இரைவதும் அதன் பொருட்டே. இறுதியில் தையல் போடப்பட்டு, மடித்த காசுத்துணி கடிக்கத் தரப்படும். நேராக முளைத்த மேற்பல்லாயின் சில நிமிடங்களிலேயே வேலை முடிந்துவிடும்.

குருதிக்கட்டியும் முதல் நாளும்

பல் நீங்கிய குழியில் குருதி நிறைந்து உறைகின்றது. இக்கட்டி வெறும் அடைப்பு மட்டுமன்று. புதிய குருதிக் குழாய்களும், பின்னர் எலும்பை உருவாக்கும் உயிரணுக்களும் இதனூடாகவே குழிக்குள் வளர்ந்து செல்கின்றன. எனவே காசுத்துணி 30 முதல் 45 நிமிடங்கள் வரை அசையாமல் கடித்திருக்கப்பட வேண்டும். குருதி நின்றதா எனப் பார்ப்பதற்காக அடிக்கடி எடுத்துப் பார்ப்பது அதனை மீண்டும் தொடங்கிவைக்கும்.

எச்சிலைக் காறித் துப்புதல், உறிஞ்சுகுழல் கொண்டு பருகுதல், புகைத்தல் ஆகியன வாயினுள் உறிஞ்சு விசையை ஏற்படுத்திக் கட்டியைப் பெயர்க்கக்கூடும். புகையிலை குருதியோட்டத்தையும் குறைக்கின்றது. எச்சிலை விழுங்கிவிடுவதே நன்று; அது ஒரு நாள் வரை இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பு. குருதி வாயில் நிறையும் அளவுக்கு வடிந்தால் புதிய துணியை மீண்டும் கடித்திருக்க வேண்டும். அதற்கும் நிற்காவிடில் மருத்துவரை அணுக வேண்டும்.

வெதுவெதுப்பான உப்புநீரால் வாய் கொப்பளிப்பது 24 மணிநேரம் கழித்தே தொடங்கப்பட வேண்டும். அப்பொழுதும் தலையை இருபுறமும் சாய்த்து நீரை மெல்ல விழவிடுதலே முறை. ஆறவைத்த கஞ்சி, குழைந்த தயிர்ச்சோறு, ஊறவைத்த இட்லி போன்றவை முதலிரு நாட்களுக்கு ஏற்ற உணவுகள். மரத்த உதட்டைத் தெரியாமல் கடித்துக்கொள்வது சிறுவர் மட்டுமன்றிப் பெரியோரும் செய்யும் பிழையாதலால் உணர்வு திரும்பும்வரை மெல்லும் உணவைத் தவிர்க்க வேண்டும்.

வீக்கமும் வலியும்

வீக்கம் அறுவை நாளில் உச்சத்தை அடைவதில்லை. இரண்டாம் அல்லது மூன்றாம் நாளிலேயே மிகுந்து, பின் குறைகின்றது. இதனை அறியாதோர் மூன்றாம் நாள் காலையில் கண்ணாடியைப் பார்த்து நோய்த்தொற்று ஏற்பட்டுவிட்டதாக அஞ்சுவதுண்டு. முதல் நாளில் கன்னத்தில் துணி சுற்றிய பனிக்கட்டியை விட்டுவிட்டு வைப்பது ஆறுதல் தரும். வாய் முழுதும் திறக்க இயலாமையும், கன்னத்தில் மஞ்சளும் நீலமுமான கன்றிய நிறமும் ஒரு வாரமளவில் மறையும். குழியின் மேல் தோன்றும் வெளிர்நிறப் படலமும் பெரும்பாலும் சீழ் அன்று. அது ஆறும் புண்ணின் இயல்பான மேற்பூச்சு, சுரண்டக்கூடாது.

மரப்பு நீங்குமுன்பே முதல் வலிமாத்திரையை எடுத்துக்கொள்ளுமாறு மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். இபுப்புரோஃபெனும் பாராசித்தமோலும் சேர்ந்து தனித்தனியானவற்றை விட நன்கு பயனளிக்கின்றன. ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரக நோய், சிலவகை ஆத்துமா உள்ளவர்களுக்கு இபுப்புரோஃபென் பொருந்தாது. ஞானப்பல் அகற்றலுக்குப் பின்னான வலி, உடல்நலமுள்ள இளையோரிடம் ஏறத்தாழ ஒரே அளவில் தோன்றுவதால், புதிய வலிநீக்கிகளின் திறனைச் சோதிப்பதற்கு மருந்தியலாளர்கள் நெடுங்காலமாக இதனையே பயன்படுத்தி வருகின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

உலர் பற்குழி

நாள்தோறும் குறைய வேண்டிய வலி, இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் திடீரெனக் கூடிக் காதுவரை பரவுமாயின், கட்டி பெயர்ந்தோ கரைந்தோ எலும்பு வெளித்தெரியும் உலர் பற்குழி எனும் நிலை ஏற்பட்டிருக்கலாம். வாயில் கெட்ட நாற்றமும் சுவையும் உடன் தோன்றும். பொதுவான பல் பிடுங்கல்களில் நூற்றில் ஓரிருவர் முதல் ஐவர் வரை இதற்கு ஆளாகின்றனர். கீழ் ஞானப்பல்லில் இவ்விகிதம் கணிசமாக மிகுதி. புகைப்போருக்கும் கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்களுக்கும் வாய்ப்பு கூடுதல். மருத்துவர் குழியைக் கழுவி, மருந்திட்ட துணியை வைத்தால் வலி விரைவில் தணியும். அம்மருந்துகள் பலவற்றில் உள்ள யூசினால், தமிழர் வீடுகளில் பல்வலிக்கு வைக்கப்படும் கிராம்பின் எண்ணெயில் அடங்கியுள்ள அதே பொருளாகும். எனினும் புதிய புண்ணில் கிராம்பைத் திணிப்பது அதன் துணுக்குகளையும் சேர்த்துப் புகுத்துவதாகும்.

நரம்புப் பாதிப்பு

கீழுதட்டிற்கும் முகவாய்க்கும் உணர்வளிக்கும் நரம்போ, நாக்கு நரம்போ அறுவையில் நசுங்கலாம். அவை உணர்வு நரம்புகளாதலால் உதடோ நாக்கோ செயலிழப்பதில்லை. மரப்போ ஊசி குத்தல் போன்ற உணர்வோ தோன்றுகின்றது. பெரும்பாலானவை கிழமைகளிலோ மாதங்களிலோ நீங்கிவிடுகின்றன. நிலையான பாதிப்பு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே ஏற்படுகின்றது. வேர் நரம்பை ஒட்டியிருப்பது படத்தில் தெரிந்தால், வேரை எலும்பிலேயே விட்டுவிட்டுப் பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டியெடுக்கும் முறையையும் மருத்துவர் தெரிவு செய்யலாம். ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுமுன் தம் பல்லின் வேர் எவ்வளவு தொலைவில் உள்ளது என நோயாளி கேட்டறிவது முறையே.

மேல் ஞானப்பல்லின் வேர்கள் மேல்தாடை எலும்பினுள் உள்ள காற்றறைக்கு அருகில் அமைந்தவை. அரிதாகக் குழிக்கும் காற்றறைக்கும் இடையே துளை விழுவதுண்டு. பருகிய நீர் மூக்கின் வழியே வருவது இதன் அறிகுறியாகும். இத்தகையோர் மூக்கை வலிந்து சிந்துதல் கூடாது.

கண்பார்வை பற்றிய நம்பிக்கை

மேற்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை மங்கும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. இவ்வச்சத்தால் சீழ்பிடித்த பல்லையும் எடுக்க மறுப்போர் உளர். மேற்பற்களுக்கு உணர்வளிப்பது ஐந்தாம் மண்டையோட்டு நரம்பின் கிளை. பார்வைக்குரியது விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் இரண்டாம் மண்டையோட்டு நரம்பு. பல்லை எடுப்பது பார்வை நரம்பைத் தொடுவதில்லை. இதற்கு மாறாக, சீழ்பிடித்த மேற்பல்லை அப்படியே விட்டுவைப்பதால் தொற்று கண்குழியை நோக்கிப் பரவிய நேர்வுகள், அரிதேயாயினும், மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன.