நெகட்டிவ் வந்த பிறகு

வைரஸைத் தேடி – 9

லி வென்லியாங் வூஹான் மத்திய மருத்துவமனையின் கண் மருத்துவர். புதுவித நிமோனியா பரவுகிறது என்று சக மருத்துவர்களை எச்சரித்ததற்காகக் காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டு, கண்டிக்கப்பட்டவர். 2020 ஜனவரி 10 அன்று அவருக்கு இருமல், மறுநாள் காய்ச்சல், அதற்கடுத்த நாள் மருத்துவமனையில் சேர்ந்துவிட்டார். சோதித்தார்கள், நெகட்டிவ். திரும்பச் சோதித்தபோதும் நெகட்டிவ். பிப்ரவரி 1 அன்றுதான் பாசிட்டிவ் என்று அவரால் அறிவிக்க முடிந்தது. 7ஆம் தேதி அதிகாலை இறந்துபோனார்.

இதற்காக ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையைக் குறை சொல்ல முடியாது. மாதிரியில் வைரஸின் மரபணுத் துணுக்கு துளியளவு இருந்தாலும் பெருக்கிக் காட்டிவிடும். மூக்கில் விட்டு மாதிரி எடுக்கும் குச்சியில் அந்தத் துளி ஏறியதா என்பதுதான் கேள்வி. குச்சியை மேல்நோக்கிச் செருகக் கூடாது. மூக்கின் தரையை ஒட்டி, நேராகப் பின்பக்கம், முட்டும்வரை செலுத்திச் சில விநாடிகள் சுழற்ற வேண்டும். கண்ணில் நீர் முட்டும்; நோயாளி தலையைப் பின்னுக்கு இழுப்பார். பாதி வழியில் திரும்பி வந்த குச்சியை எந்த லேபுக்கு அனுப்பி என்ன பயன்?

சரியாக எடுத்தாலும் தப்பலாம். நோய் முற்றும்போது வைரஸ் மூக்கைவிட நுரையீரலின் ஆழத்தில் அதிகம் கிடைக்கும். கோவிட் நோயாளிகளிடம் நடந்த ஒரு சீன ஆய்வில் தொண்டை மாதிரிகளில் 32 சதவீதம்தான் பாசிட்டிவ், மூக்கில் 63, சளியில் 72, நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் 93. நாளும் முக்கியம். அறிகுறி தொடங்கிய அன்றே எடுத்தால் தவறவிடும் வாய்ப்பு அதிகம். மூன்று நாள் கழித்து எடுத்தால் குறைவு.

வூஹானில் பாசிட்டிவ் சீட்டு இல்லாதவர்களுக்குப் படுக்கை கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. அதனால் வூஹான் இருக்கும் ஹூபெய் மாகாணம், சி.டி. ஸ்கேனில் நிமோனியா தெரிந்து அறிகுறியும் இருந்தால் கோவிட் என்றே கணக்கில் சேர்க்கலாம் என்றது. பிப்ரவரி 13 காலை வெளியான புதிய நோயாளிகளின் எண்ணிக்கை 14,840. அதில் 13,332 பேர் இப்படிச் சேர்க்கப்பட்டவர்கள். உலகம் பதறியது. ஒரே வாரத்தில் அந்த முறை கைவிடப்பட்டாலும், ஹூபெய் செய்தது சரிதான் என்பேன். ஃப்ளூ போன்ற வேறு வைரஸ்களும் ஸ்கேனில் அதே தோற்றத்தைத் தரும் என்பது உண்மை. ஆனால் தொற்று உச்சத்தில் இருக்கும் ஊரில் அந்தச் சந்தேகத்துக்கு மதிப்புக் குறைவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அறிகுறியுள்ள நூறு பேரில் 90 பேருக்கு நோய் இருக்கிறது. பரிசோதனை நூற்றுக்கு எழுபதைத்தான் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 27 நோயாளிகள் தப்புவார்கள். நோயில்லாத பத்துப் பேரையும் சேர்த்தால் நெகட்டிவ் சீட்டு வாங்குபவர்கள் 37 பேர். அவர்களில் 27 பேருக்கு நோய்! அதே பரிசோதனையைத் தொற்றே இல்லாத ஊரில் செய்தால் நெகட்டிவை நம்பலாம்.

ஆகவே வீட்டில் காய்ச்சல், இருமலோடு ஒருவர் படுத்திருந்து சீட்டு நெகட்டிவ் என்று வந்தால், எத்தனையாவது நாளில் மாதிரி எடுத்தார்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மறுபரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். மூச்சு வாங்கினால் எந்தச் சீட்டுக்கும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

(தொடரும்)