ஐந்து வாட் எவ்வளவு தூரம் போகும்?

சர்வதேச விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேல் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அதற்குள் ஒரு ஹாம் ரேடியோ நிலையமும் இருக்கிறது; உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்களே ஹாம்கள். ஐந்து வாட் வாக்கி-டாக்கியைக் கையில் பிடித்து, மொட்டைமாடியில் நின்றபடி அதன் வழியாகப் பேசிய ஹாம்கள் உலகெங்கும் உண்டு. அதே வாக்கி-டாக்கியோடு மாடியிலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்தால், ஊரின் மறுகோடியில் இருக்கும் நண்பருக்குக் குரல் போய்ச் சேராமல் போகலாம். கருவி அதே, பேட்டரி அதே, வாட்டும் அதே. விண்வெளியை எட்டியது பக்கத்துப் பேட்டையை எட்டவில்லை என்றால் தூரத்தைத் தீர்மானிப்பது வேறு ஏதோ ஒன்று.

மலிவான ஹேண்டி, அதாவது கையடக்க வாக்கி-டாக்கி, வாங்கப் போகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அந்த வேறு ஏதோ ஒன்றைத்தான். 2012 வாக்கில் சீனாவின் பாவோஃபெங் நிறுவனம் யூவி-5ஆர் என்ற ஹேண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானிய ஹேண்டிகளின் விலையில் ஒரு சிறு பங்குக்கு, இரண்டு அலைவரிசைத் தொகுதிகளில் பேசும் கருவி கிடைக்கத் தொடங்கியது. பிறகு குவான்ஷெங் யூவி-கே5 போன்றவை வரிசையாக வந்தன. அட்டைப்பெட்டிகளில் 8 வாட், 10 வாட், 30 மைல் என்று பெரிய எழுத்தில் எண்கள் ஏறின. வாங்குபவரின் கண் முதலில் போவது அந்த எண்களின் மேல்தான். தூரத்தோடு மிகக் குறைந்த உறவு உடையவையும் அவைதான்.

இந்த ஹேண்டிகள் பேசுவது பெரும்பாலும் 145 மெகாஹெர்ட்ஸ், 435 மெகாஹெர்ட்ஸ் ஆகியவற்றை ஒட்டிய அலைவரிசைகளில். முதலாவதன் அலைநீளம் சுமார் 2 மீட்டர்; அடுத்தது சுமார் 70 சென்டிமீட்டர். சிற்றலை வானொலி போல இவை அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவதில்லை. பெரும்பாலும் நேர்கோட்டில் சென்று, பூமி வளையும் இடத்தில் அதை விட்டு விலகி வானத்துக்குள் போய்விடுகின்றன. ஆகவே முதல் எல்லை அடிவானம். அதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியும் அடிவானத்தைவிட இது சுமார் 15 சதவீதம் அதிகம். மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைவதால் அலை சற்றே கீழ்நோக்கி வளைந்து, பூமியின் வளைவைக் கொஞ்ச தூரம் தொடர்கிறது.

நின்றுகொண்டு பேசுபவரின் கையிலுள்ள ஆன்டெனா தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருடைய அடிவானம் 5 கிலோமீட்டர். எதிர்முனையில் இருப்பவருக்கும் 5. இரண்டையும் கூட்டினால் 10. வெறும் சமவெளியில், மரமோ கட்டடமோ குறுக்கிடாதபோது இதுதான் உச்சம். ஊருக்குள் பாதி கிடைத்தாலே பெரிது. அவரே 12 மீட்டர் உயர மொட்டைமாடிக்கு ஏறினால் அடிவானம் 14 கிலோமீட்டர் ஆகிவிடும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டின் விளிம்பில் நின்றால், குறுக்கே வேறு மலை இல்லாத திசையில், 160 கிலோமீட்டர். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில் 210-ஐத் தாண்டும். பெட்டியில் அச்சிட்ட 30 மைல் பொய் என்று சொல்லிவிட முடியாது. அது மலைமுகட்டில் நிற்பவருக்கான எண். வாங்குபவர் நிற்பது தெருவில்.

இந்தக் கணக்கில் வர்க்கமூலம் வருவதைக் கவனியுங்கள். தரையிலிருந்து மூன்று நான்கு மாடி ஏறினால் அடிவானம் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிறது. அதற்கு மேல் இன்னும் அதே அளவு ஏறினாலும் 14 கிலோமீட்டர் 20 ஆகும், அவ்வளவுதான். முதல் சில மீட்டர்கள்தான் அதிக லாபம் தருகின்றன. உயரக் கோபுரம் இல்லாதவர்களுக்கு இது நல்ல செய்தி.

வாட் கூடினால் என்ன ஆகும்? வெட்டவெளியில் தூரம் இரட்டித்தால் சிக்னல் நான்கில் ஒரு பங்காகும். தரையை ஒட்டிப் பேசும்போது கதை மாறுகிறது. நேராக வரும் அலையோடு தரையில் பட்டுத் தெறித்த அலையும் வந்து சேர்கிறது. தெறிப்பில் தலைகீழாகத் திரும்பிவிட்ட அது, நேர் அலையைப் பெருமளவு அடித்துவிடுகிறது. எனவே தட்டையான தரையில் தூரம் இரட்டித்தால் சிக்னல் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கும். தூரத்தை இரட்டிக்க வேண்டுமானால் 5 வாட்டுக்குப் பதில் 80 வாட் வேண்டும். 5 வாட் ஹேண்டியை 10 வாட் ஹேண்டியாக மாற்றினால் கிடைக்கும் கூடுதல் தூரம் சுமார் 19 சதவீதம். 8 வாட்டுக்கு மாறினால் 12 சதவீதம். விலையாகக் கொடுப்பது சீக்கிரம் தீரும் பேட்டரியும் கையில் சுடும் கருவியும். ஒரு முனையின் ஆன்டெனாவை இரண்டு மடங்கு உயரத்துக்கு ஏற்றினாலோ, வாட்டை நான்கு மடங்காக்கிய பலன் செலவில்லாமல் கிடைத்துவிடுகிறது.

விண்வெளி நிலையத்தின் புதிர் இங்கே அவிழ்கிறது. தலைக்கு மேலே போகும்போது அதற்கும் நமக்கும் நடுவே பூமியின் வளைவு இல்லை, கட்டடம் இல்லை, தரையில் தெறித்து வந்து கெடுக்கும் அலையும் அநேகமாக இல்லை. அப்படிப்பட்ட திறந்த வழியில் 400 கிலோமீட்டர் என்பது 5 வாட்டுக்கு ஒரு பொருட்டே அல்ல. வாயேஜர்-1 விண்கலத்தின் டிரான்ஸ்மிட்டருக்கு இருப்பது சுமார் 23 வாட். அது இன்று 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்து பேசுகிறது; அதைக் கேட்க 70 மீட்டர் விட்டமுள்ள டிஷ் ஆன்டெனாக்கள் பூமியில் இருக்கின்றன. குறைந்த வாட்டையும் கோடிக்கணக்கான கிலோமீட்டரையும் இணைப்பவை இரண்டே: தடையில்லாத வழி, நல்ல ஆன்டெனா.

வழியைப் பார்த்தோம். ஆன்டெனாவுக்கு வருவோம். ஹேண்டியோடு வரும் விரலளவு ரப்பர் ஆன்டெனா ஒரு சமரசம். 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளக் கம்பி என்றால் அது ஏறத்தாழ அரை மீட்டர் இருக்க வேண்டும். சட்டைப்பையில் வைக்க வசதியாக அதைச் சுருள்கம்பியாகச் சுருட்டி 15 சென்டிமீட்டருக்குள் அடக்கியிருக்கிறார்கள். சுருட்டும்போது திறன் போகிறது. 40 சென்டிமீட்டர் அளவுள்ள நெகிழும் கம்பி ஆன்டெனாவைப் பொருத்தினால் வித்தியாசம் காதுக்கே தெரியும். பிரபலமான மாடல்களுக்கு அச்சு அசலான போலிகள் ஏராளம் என்பதால் நம்பகமான இடத்தில் வாங்குவது முக்கியம்.

இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாது. ஆன்டெனாவுக்கு இரண்டு பாதிகள் வேண்டும். மேலே நீட்டிக்கொண்டிருப்பது ஒரு பாதி. மறுபாதியாக வேலை செய்வது ஹேண்டியின் உடலும் அதைப் பிடித்திருக்கும் நம் கையும். சிறிய பெட்டியும் வியர்த்த கையும் சேர்ந்து நல்ல மறுபாதி ஆவதில்லை. ஹாம்கள் இதற்கு ஒரு வைத்தியம் செய்கிறார்கள்: சுமார் 49 சென்டிமீட்டர் நீளமுள்ள சாதாரண மின்கம்பித் துண்டு ஒன்றை எடுத்து, ஆன்டெனா திருகும் இடத்தின் வெளி உலோக வளையத்தைத் தொடுமாறு மாட்டித் தொங்கவிடுகிறார்கள். புலிவால் என்று அதற்குச் செல்லப்பெயர். செலவு சில ரூபாய். ரப்பர் ஆன்டெனாவோடு சேரும்போது 145 மெகாஹெர்ட்ஸில் அது பெரும்பாலும் கூடுதல் வாட்டைவிட நன்றாக வேலை செய்யும்.

வீட்டிலிருந்து பேசுபவர், சுருட்டி வைக்கக்கூடிய ஜே-போல் கம்பி ஆன்டெனாவை மாடியில் ஒரு மூங்கில் கழியில் கட்டலாம். ஒரே திசையில் தூரம் வேண்டுமா? 1926-இல் ஜப்பானின் ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் விவரித்த யாகி-உடா ஆன்டெனா இருக்கிறது. டார்ச் விளக்கின் குழியாடி போல அது எல்லாத் திசைக்கும் சிதறும் சக்தியை ஒரு பக்கமாகத் திரட்டித் தருகிறது. இரும்பு அளவுநாடாவையும் பிளாஸ்டிக் குழாயையும் வைத்து அதை ஒரு மாலையில் செய்துவிடுகிறவர்கள் உண்டு. பேசுவதற்கும் கேட்பதற்கும் ஒருசேர உதவுவது ஆன்டெனா மட்டுமே. வாட் பேசுவதற்கு மட்டும்தான். எதிர்முனையின் குரல் நமக்கு எட்டாதபோது நம் கையில் பத்து வாட் இருந்து என்ன பயன்?

மாடிக்கு ஆன்டெனாவை ஏற்றினால் கேபிளும் கூட வரும். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 10 மீட்டரில், 145 மெகாஹெர்ட்ஸில் சக்தியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுங்கிவிடும். 435-இல் பாதிக்கு மேல். ஆன்டெனாவில் சம்பாதித்ததைக் கேபிளில் தொலைக்காமல் இருக்க, தடித்த கேபிளை வாங்க வேண்டும், அல்லது கேபிளைக் குறைத்துக்கொண்டு நாமே மாடியேற வேண்டும்.

காசே செலவாகாத வழிகளும் உண்டு. ஹேண்டியை இடுப்பில் செருகிப் பேசினால் உடல் அலையை உறிஞ்சும். முகத்தருகே நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். இருபுறமும் ஆன்டெனா செங்குத்தாக இருக்க வேண்டும். ஒன்று நிமிர்ந்தும் மற்றது படுத்தும் இருந்தால் திறந்தவெளியில் சிக்னல் நூறில் ஒரு பங்காகக்கூடக் குறையலாம். ஊருக்குள் அலைகள் சுவர்களில் தெறித்து ஒன்றோடொன்று மோதுவதால் சில இடங்களில் சிக்னல் வலுக்கும், ஓரடி தள்ளினால் செத்துவிடும். 1888-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், அறைச் சுவரில் துத்தநாகத் தகட்டைப் பொருத்தி, தெறித்த அலையும் நேர் அலையும் கூடும் இடங்களையும் கழியும் இடங்களையும் கருவியை நகர்த்தி நகர்த்தித்தான் கண்டுபிடித்தார். குரல் கரகரத்தால் ஓரடி நகர்ந்து பார்ப்பது, அந்தச் சோதனையை நாம் தெருவில் திரும்பச் செய்வதுதான்.

இனி, எதை வாங்குவது? மலிவு ஹேண்டிகள் பலவற்றில் ரிசீவர் முழுவதும் ஒரே சிப்பில் அடங்கியிருக்கிறது. விலை குறைந்ததற்கு அதுவே காரணம்; பலவீனமும் அதிலேயே இருக்கிறது. வேண்டாத சிக்னலை வாசலிலேயே தடுக்கும் வடிகட்டிகள் அவற்றில் குறைவு. பக்கத்தில் எஃப்எம் கோபுரமோ வேறு வலுவான டிரான்ஸ்மிட்டரோ இருந்தால் ரிசீவர் திணறிச் செவிடாகும். பெரிய ஆன்டெனா மாட்டியதும் கேட்பது கூடாமல் குறைகிறதே என்று சிலர் வியப்பதற்குக் காரணம் இதுதான். கிராமத்தில் இருப்பவருக்கு மலிவு ஹேண்டி போதும். பெருநகரத்தில் மாடி ஆன்டெனாவோடு பயன்படுத்த நினைப்பவர், வாட்டுக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல ரிசீவருக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

வெளியே போகும் சிக்னலிலும் கவனம் வேண்டும். 145-இல் பேசும்போது அதன் இரு மடங்கான 290-இலும் மும்மடங்கான 435-இலும் சக்தி கசியக்கூடும். அமெரிக்க ஹாம்களின் சங்கமான ஏஆர்ஆர்எல் தன் ஆய்வகத்தில் அளந்து பார்த்தபோது, மலிவு ஹேண்டிகளில் பல இந்தக் கசிவில் வரம்பைத் தாண்டியிருந்தன. ஒரே மாடலில் ஒன்று தேறும், மற்றொன்று தேறாது. ஆகவே வாங்கியதும் அனுபவமுள்ள ஹாம் ஒருவரிடம் கொடுத்து அளந்து பார்ப்பது நல்லது.

உயரத்துக்குப் போக முடியாதவர்களுக்காக உயரத்தில் நிற்பதுதான் ரிப்பீட்டர். மலையிலோ உயர்ந்த கட்டடத்திலோ இருக்கும் அந்த நிலையம், ஒரு அலைவரிசையில் கேட்டதை அதே கணத்தில் மற்றொன்றில் திருப்பி ஒலிபரப்பும். 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இரண்டுக்கும் இடைவெளி வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். அலைவரிசை, இடைவெளி, ரிப்பீட்டரைத் திறக்கும் மெல்லிய டோன் மூன்றையும் ஹேண்டியில் சரியாகப் பதிந்தால், தெருவில் நிற்பவருக்கு மலையின் அடிவானம் கிடைத்துவிடும். சின்ன பட்டன்களோடு மல்லுக்கட்டாமல் கணினியில் சிர்ப் என்ற இலவச மென்பொருளால் பதிவது எளிது. வாங்கும் முன் அந்த மாடலை அது ஏற்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் உரிமம் உள்ளவர்களுக்கு. இந்தியாவில் ஹாம் அலைவரிசையில் பேச, மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை தரும் உரிமமும் அழைப்புக்குறியும் தேவை. 12 வயது நிரம்பியவர்கள் தேர்வெழுதலாம். காவல்துறையும் தீயணைப்புத் துறையும் பேசும் அலைவரிசைகளிலும் மலிவு ஹேண்டிகளால் ஒலிபரப்ப முடியும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு சும்மா வைத்ததல்ல. உரிமமும் சான்றும் இல்லாத வாக்கி-டாக்கிகள் இணையக் கடைகளில் விற்கப்படுவதைத் தடுக்க 2025-இல் மத்திய அரசு நெறிமுறைகளையும் வெளியிட்டது.

அந்தத் தேர்வுக்கான பாடத்தில் என்ன இருக்கிறது? அலைகள் பரவும் விதம், ஆன்டெனாவின் நீளம், கேபிள் இழப்பு, குறுக்கீடு. தூரத்தைக் கூட்ட நினைக்கும் ஒருவர் தானாகவே தேடிப் படிக்க வேண்டியவை எல்லாம் அங்கே பாடத்திட்டமாக இருக்கின்றன. ஆகவே செலவின் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளலாம்: முதலில் உரிமம், பிறகு ஏதேனும் ஒரு சாதாரண 5 வாட் ஹேண்டி, உடனே நல்ல ஆன்டெனாவும் ஒரு முழக் கம்பியும், அதன்பின் மாடி. பத்து வாட் ஹேண்டிக்கு இந்தப் பட்டியலில் கடைசியிலும் இடமில்லை.