கந்தையானாலும் கசக்கிக் கட்டு: ஒக்லாந்தில் சிறு செலவில் சீரான உடை

புலம்பெயர்ந்த மண்ணில் எமது ஆண்கள் தமக்கென உடுப்பு வாங்குவதை எப்போதும் கடைசிக் காரியமாகவே வைத்திருக்கின்றனர். வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், பிள்ளைகளின் பாடசாலைச் சீருடை ஆகிய அனைத்தும் முடிந்த பின்னரே தகப்பனின் சேர்ட்டைப் பற்றிய பேச்சு எழுகிறது. இந்தத் தியாகத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், வேலைக்கான நேர்முகத்துக்கு அழைப்பு வரும்போதோ, சட்டத்தரணியைச் சந்திக்கும் நாள் குறிக்கப்படும்போதோ, இரவல் கோட் தேடி நண்பர்களுக்குத் தொலைபேசி எடுப்பதும், அவசரத்தில் கடனுக்கு வாங்கி மாதக்கணக்கில் கட்டுவதும் எம்மவரிடையே வழமையாகிவிட்டன. இவ்விரண்டும் இன்றியே ஓர் ஆண்மகன் ஒக்லாந்து நகரில் மதிப்பாக உடுத்தலாம் என்பதை இங்கு எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

அகதிக்கு என்ன கோலம்?

முதலில், புகலிடம் கோரியிருக்கும் சகோதரர்கள் சிலரது மனத்திலுள்ள ஐயம் ஒன்றைத் தீர்க்க வேண்டியுள்ளது. நன்றாக உடுத்திச் சென்றால், "இவருக்கு என்ன குறை?" என்று அதிகாரிகள் எண்ணிவிடுவார்களோ என்பதே அந்த ஐயம்.

1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் நியூசிலாந்து 1960 இல் இணைந்துகொண்டது. இனம், மதம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழுவொன்றின் உறுப்புரிமை, அரசியல் கருத்து ஆகியவற்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற ஆதாரமுள்ள அச்சமே அந்தச் சமவாயம் கேட்கும் தகுதி. வறுமை அதில் ஒரு நிபந்தனையாக எங்கும் கூறப்படவில்லை. வைத்தியரும் அகதியாகலாம், வங்கி முகாமையாளரும் அகதியாகலாம். கசங்கிய சேர்ட் ஒருவருடைய வழக்கை வலுப்படுத்தாது. மினுக்கிய சேர்ட் அதைக் கெடுக்கவும் மாட்டாது. வழக்கு நிற்பது வாக்குமூலத்திலும் சான்றுகளிலுமே. எனவே, ஊரில் ஒரு கந்தோருக்கு எவ்வாறு உடுத்திச் செல்வீர்களோ அவ்வாறே இங்கும் உடுத்திச் செல்லுங்கள்.

1948 யூன் மாதத்தில் 'எம்பயர் வின்ட்ரஷ்' கப்பலில் கரிபியன் தீவுகளிலிருந்து இங்கிலாந்து சென்று இறங்கிய தொழிலாளரின் புகைப்படங்களைப் பலரும் கண்டிருப்பீர்கள். அவர்களில் மிகப் பலர் கோட்-சூட் அணிந்து, கழுத்துப்பட்டி கட்டி, தொப்பியுடன் நிற்கின்றனர். அவர்கள் செல்வந்தர் அல்லர். இருந்தவற்றுள் சிறந்ததை உடுத்திக்கொண்டு புதிய நாட்டின் முகத்தை நேராகப் பார்த்தவர்கள். அந்த உடை அவர்களை நிறவெறியிலிருந்து காப்பாற்றவில்லை என்பதும் வரலாறு. உடையால் எல்லாக் கதவுகளும் திறக்கும் என்று நாமும் கூறவில்லை.

எமது சமூகத்துக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. இடுப்புக்கு மேல் துணி அணியக்கூடாது, தோளில் சால்வை இடக்கூடாது என்று சாதியின் பெயரால் மனிதரைத் தடுத்த வரலாறு யாழ்ப்பாணத்துக்கும் உண்டு, தென் திருவிதாங்கூருக்கும் உண்டு. டாக்டர் அம்பேத்கர் கோட்-சூட்டையே தமது உடையாகக் கொண்டதையும், இன்று இந்தியாவெங்கும் அவரது சிலைகள் நீல நிறச் சூட்டுடன் நிற்பதையும் இந்தப் பின்னணியிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். நன்றாக உடுத்தும் உரிமை மறுக்கப்பட்டவருக்கு நல்ல உடை ஆடம்பரமாகாது.

பிறர் உடுத்த உடுப்பு

ஒக்லாந்தில் குறைந்த செலவில் நல்ல உடை பெறும் வழி, 'ஒப் ஷொப்' என்று இந்நாட்டவர் அழைக்கும் கொடைக் கடைகளின் ஊடாகவே செல்கிறது. இரட்சணிய சேனை, வின்சன்ட் டி போல் சபை, செஞ்சிலுவைச் சங்கம், புற்றுநோயாளர் முதலியோரைப் பராமரிக்கும் ஹொஸ்பிஸ் அமைப்புகள் ஆகியன இத்தகைய கடைகளை நடத்துகின்றன. 'சேவ்மார்ட்' போன்ற பெரிய வணிகக் கடைகளும் உள்ளன. புதிய சூட் ஒன்றுக்குப் பல நூறு டொலர் கொடுக்க வேண்டிய இந்நகரில், இக்கடைகளில் சில பத்து டொலருக்கு நல்ல கம்பளிக் கோட் கிடைப்பதுண்டு. செல்வந்தர் வாழும் ரெமுவேரா போன்ற பகுதிகளின் கடைகளுக்குச் சிறந்த உடைகள் வந்து சேர்வது இயல்பு.

"செத்தவன் உடுப்போ, ஆர் உடுத்ததோ" என்று எமது மூத்தவர்கள் முகம் சுளிப்பதை நாம் அறிவோம். இவ்விடத்தில் ஆசிரியர்களும் கணக்காளர்களும் கூச்சமின்றி இக்கடைகளில் பொருள் தெரிவு செய்கின்றனர். அங்கு நாம் பணம் கொடுத்து வாங்குகிறோம். அந்தப் பணம் ஒரு தர்ம காரியத்துக்குச் செல்கிறது. இதில் கையேந்துதல் எங்கே உள்ளது? கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற முதுமொழி புதிது வாங்கச் சொல்லவில்லை; தோய்த்துக் கட்டவே சொல்கிறது.

இக்கடைகளில் நல்ல சூட்டுகள் காணப்படுவதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. ஜேர்மனியில் யூதக் குடும்பமொன்றில் பிறந்து, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா வழியாக 1863 இல் நியூசிலாந்து வந்தடைந்த பென்டிக்ஸ் ஹலன்ஸ்டைன், தமது கடைகளுக்குப் போதிய ஆண்கள் உடை கிடைக்காத காரணத்தால் 1873 இல் டனீடின் நகரில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். இன்று கடைத் தெருக்களில் காணும் 'ஹலன்ஸ்டைன்ஸ்' அவர் வழி வந்ததே. அதன் பின்னர் இந்நாட்டில் வளர்ந்த தையல் தொழில், இறக்குமதித் தடைகளின் பாதுகாப்பில் நெடுங்காலம் செழித்தது. 1984 இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தங்களின் பின் அந்தப் பாதுகாப்பு படிப்படியாக நீங்க, தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. அவை தைத்த உடைகளோ இன்னும் அலுமாரிகளிலிருந்து வெளிவந்துகொண்டிருக்கின்றன. 'நியூசிலாந்தில் செய்யப்பட்டது' என்ற சீட்டையும், 1964 இல் அறிமுகமான கம்பளி நூற்கண்டு வடிவிலான 'வூல்மார்க்' சின்னத்தையும் கோட்டின் உட்புறத்தில் தேடிப்பாருங்கள். அச்சின்னம் தூய கம்பளிக்கு அடையாளம்.

புதிதாக விற்கப்படும் மிக மலிவான உடையின் பின்னாலும் ஒரு விலை உண்டு. 1888 இல் டனீடினில் ரதர்ஃபோர்ட் வடெல் என்ற போதகர், மலிவு என்னும் பாவத்தைப் பற்றித் தேவாலயத்தில் பிரசங்கித்தார். சொற்பக் கூலிக்கு இரவு பகலாகத் தைத்த பெண்களின் நிலையை அது வெளிக்கொணர்ந்தது. அடுத்த ஆண்டே தையற் பெண்களின் சங்கம் உருவாயிற்று. 2013 ஏப்ரலில் பங்களாதேசத்தில் ரானா பிளாசாக் கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அதே பாவம் வேறொரு நாட்டில் கண்முன் வந்தது. போருக்குப் பின்னர் வட மாகாணத்திலும் ஆடைத் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டு எமது பெண்பிள்ளைகள் அவற்றில் தைக்கின்றனர். இரண்டு மாதத்தில் எறியப்படும் சேர்ட்டை வாங்குவதிலும், இருபது ஆண்டு உழைத்த கோட்டை மேலும் பத்தாண்டு உடுத்துவது மேல்.

பார்த்து வாங்கும் முறை

கடையில் முதலில் நோக்க வேண்டியது தோள். கோட்டின் தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் முடிய வேண்டும். தோள் பொருந்தாவிடில் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். அதைத் திருத்துவது பெருஞ்செலவு. கோட்டின் நீளமும் அத்தகையதே. கையின் நீளம், இடுப்பின் அகலம், நீளக் காற்சட்டையின் அடி ஆகியவற்றைத் தையற்காரர் எளிதில் திருத்துவார். எம்மவர் வீடுகள் பலவற்றில் தையல் இயந்திரமும் அதில் கைதேர்ந்த பெண்களும் உண்டு. அவர்களது உழைப்புக்கு உரிய கூலியைக் கொடுத்தே தைப்பியுங்கள்.

அடுத்து, துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அந்துப்பூச்சி அரித்த துளைகள் உண்டா என்று பாருங்கள். கக்கத்தின் லைனிங் கிழிந்திருக்கிறதா, இருக்கைப் பகுதி தேய்ந்து மினுங்குகிறதா, மார்புப் பகுதியில் துணி குமிழ்குமிழாக எழுந்திருக்கிறதா என்பவற்றையும் கவனியுங்கள். குமிழ் எழுந்தால் உள்ளே ஒட்டிய துணி விட்டுவிட்டது என்று பொருள்; அதைச் சீர்செய்ய இயலாது. தெறி இல்லாமை ஒரு குறையன்று; அது ஐந்து நிமிட வேலை.

நிறத்தில் கடும் நீலமும் கடும் சாம்பலும் போதும். இவை எமது நிறத்துக்கு நன்கு பொருந்துவதோடு, நேர்முகத்துக்கும் திருமணத்துக்கும் மரணச் சடங்குக்கும் ஒருங்கே உதவும். ஒரு நீல சூட், தனியே ஒரு சாம்பல் நிற நீளக் காற்சட்டை, வெள்ளையும் இளநீலமுமாக மூன்று சேர்ட்டுகள், ஒரு கழுத்துப்பட்டி, ஒரு கறுப்புத் தோல் சப்பாத்து, அதே நிற இடுப்புப்பட்டி. இவ்வளவும் இருந்தால் ஒக்லாந்தில் எந்த வாசலிலும் தயங்காது நிற்கலாம். இங்குள்ள அலுவலகங்கள் பலவற்றில் கழுத்துப்பட்டி கட்டுவோர் குறைவு. நீலக் கோட்டுடன் சாம்பல் நீளக் காற்சட்டை அணிந்து, கழுத்துப்பட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாலும் போதும். பனி கொட்டாத, மழை மிகுந்த இந்நகரில் தடித்த குளிரங்கியிலும் நல்ல மழையங்கியே பயன்படும்.

சப்பாத்து விடயத்தில் மட்டும் சிறிது கூடுதலாகச் செலவிடலாம். பிறர் பாதத்துக்கு வளைந்து பழகிய சப்பாத்து உங்கள் காலைக் கெடுக்கும். அடித்தோல் மாற்றத்தக்க, தையல் போட்ட தோற் சப்பாத்தாக வாங்கி, ஒரு நாள் அணிந்தால் மறுநாள் ஓய்வு கொடுத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்தால் அது பல ஆண்டுகள் உழைக்கும்.

பேணுதல்

ஒக்லாந்தின் ஈரப்பதன் உடைக்குப் பகை. யூன் முதல் ஓகஸ்ட் வரையான குளிர்காலத்தில், சூடேற்றப்படாத வாடகை வீடுகளின் அலுமாரிகளில் பூஞ்சணம் பிடிப்பதை அறியாதவர் எவர்? கோட்டை அகன்ற கொழுவியில் மாட்டி, சுவரோடு ஒட்டாமல் வைத்து, வெயில் வரும் நாளில் அலுமாரியைத் திறந்து விடுங்கள். கம்பளி தன் நிறையில் சுமார் 30 வீதம் வரை ஈரத்தை உள்வாங்கக்கூடியது. எனவே அணிந்த உடையை உடனே அலுமாரியில் அடைக்காது ஓர் இரவு காற்றில் விடுதல் வேண்டும். அடிக்கடி இரசாயனச் சலவைக்குக் கொடுப்பது பணத்தையும் துணியையும் ஒருங்கே தின்னும். தூரிகையால் தட்டித் துடைத்தலே பெரும்பாலும் போதும். வாங்கிய பழைய கம்பளி உடையைப் பொலித்தீன் பையிலிட்டுக் காற்றுப்புகாது கட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் அந்துப்பூச்சியின் புழுக்கள் அழியும்.

கடன் வேண்டாம்

தென் ஒக்லாந்தின் தெருக்களில் வாகனத்தில் வந்து, வாரத் தவணைக்கு உடை விற்கும் நடமாடும் வணிகர்களை எம்மவர் அறிவர். இத்தகையோரை ஆராய்ந்த வர்த்தக ஆணைக்குழு, பெரும்பாலானோர் நுகர்வோர் சட்டங்களை மீறியிருந்ததாக 2015 இல் அறிக்கையிட்டது. தவணையில் வாங்கிய உடைக்கு அதன் பெறுமதியிலும் மிக அதிகமாகக் கட்டி முடிக்க நேரலாம். அதற்கு முன், 'வேர்க் அண்ட் இன்கம்' அலுவலகத்தில் வேலைக்கு மாறுவோருக்கான உதவித்தொகை பற்றிக் கேளுங்கள். நேர்முகத்துக்கும் புதிய வேலைக்கும் தேவையான உடைச் செலவும் அதனுள் அடங்கலாம். தகுதி ஆளுக்காள் வேறுபடும்; கேட்பதில் இழப்பில்லை.

இறுதியாக ஒன்று. எமது தந்தையின் உடையை மறந்து அந்நியரின் உடையைப் போற்றுகிறோம் என்று சிலர் குறைகூறலாம். யாழ்ப்பாணத் தமிழரான சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, 1905 இல் 'இரவல் இறகுகள்' என்று பொருள்படும் தலைப்பில் எழுதிய சிறு நூலில், இலங்கையர் ஐரோப்பிய உடையைக் கண்மூடிப் பின்பற்றுவதைக் கடிந்தார். அன்று அது சொந்த மண்ணில் அரசாண்டவரைப் பார்த்துப் போலி செய்தல் ஆயிற்று. இன்று நாம் வாழும் நாட்டின் வழக்கத்தை, எமது பணத்துக்கும் உடலுக்கும் அளவாக ஏற்றுக்கொள்கிறோம். கோவில் திருவிழாவிலும் பிள்ளையின் அரங்கேற்றத்திலும் கரை வைத்த வேட்டியும் சால்வையும் எமக்கு உண்டு. அவற்றையும் அதே கவனத்தோடு தோய்த்து, மடித்து, பூஞ்சணம் படாது பேண வேண்டும். குளிர்காலம் வருமுன் ஒரு சனிக்கிழமை, மூத்த மகனையும் அழைத்துக்கொண்டு அருகிலுள்ள கொடைக் கடைக்குச் சென்று வாருங்கள். தோளைப் பார்த்துக் கோட் தெரிவு செய்யும் கலையை அவனும் பழகிக்கொள்ளட்டும்.