மகளைக் குளிப்பாட்டும் தாய்
உலகை உலுக்கிய ஒரு போட்டோவின் கதை

ஒரு தாய் தன் மகளைக் குளிப்பாட்டுகிறார்.

மகள் கைக்குழந்தை அல்ல. அவளுக்கு வயது 15. தண்ணீர்த் தொட்டிக்குள், தாயின் கைகளில் மல்லாந்து கிடக்கிறாள். கையும் காலும் குச்சிபோல மெலிந்து, வளைந்து இருக்கின்றன. அவளுடைய கண்களுக்குப் பார்வை இல்லை. தாயோ அவளுடைய முகத்தையே பார்த்துக் கொண்டு இருக்கிறார்.

இது 1971-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜப்பானில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். எடுத்தவர் யூஜின் ஸ்மித் என்ற அமெரிக்கர். அதைப் பார்த்து உலகமே கலங்கியது. ஆனால், "இந்தப் படத்தை இனி வெளியிட வேண்டாம்" என்று 1998-ம் ஆண்டு ஒரு முடிவு எடுக்கப்பட்டது.

ஏன்?

பூனைகள் ஆடிய ஆட்டம்

ஜப்பானின் தென் பகுதியில் மினமாட்டா என்று ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. மீன் பிடிப்பவர்கள் வாழும் ஊர். அங்கே "சிசோ" என்ற கம்பெனியின் ரசாயனத் தொழிற்சாலை இருந்தது. ஊரில் பலருக்கு அதுதான் சோறு போட்டது.

1950-ம் ஆண்டுகளில் அந்த ஊர்ப் பூனைகள் வெறி பிடித்தவை போலச் சுழன்று ஆடின. கடலில் விழுந்து செத்தன. பறந்து கொண்டிருந்த காக்கைகள் பொத்தென்று கீழே விழுந்தன.

அடுத்து மனிதர்களுக்கும் வந்தது. கை நடுங்கியது. சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியவில்லை. பேச்சு குழறியது. பலர் துடிதுடித்து இறந்தார்கள். "ஒட்டுவாரொட்டி நோய்" என்று பயந்து, அக்கம்பக்கத்தார் அந்த வீடுகளை ஒதுக்கி வைத்தார்கள்.

உண்மையில் அது விஷம். பாதரச விஷம். பழைய காய்ச்சல் கருவியின் கண்ணாடிக் குழாய்க்குள் வெள்ளி போலப் பளபளக்குமே, அந்தப் பாதரசம்தான். தொழிற்சாலைக் கழிவில் அது வேறு ரசாயனத்துடன் சேர்ந்து, இன்னும் கொடியதாகிக் கடலுக்குப் போனது. சிறு மீனில் புகுந்தது. சிறு மீனைத் தின்ற பெரிய மீனில் கூடிக்கொண்டே போனது. மீனைத் தின்ற பூனைக்கும் மனிதருக்கும் மூளை கெட்டது.

1959-ம் ஆண்டிலேயே கம்பெனியின் டாக்டர் ஒருவர், கழிவு நீர் கலந்த உணவை ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். பூனைக்கு அதே நோய் வந்தது! கம்பெனி அதை வெளியே சொல்லவில்லை. காரணம் இதுதான் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ள 1968-ம் ஆண்டு ஆயிற்று.

வீட்டின் செல்வம்

படத்தில் இருக்கும் பெண் 1956-ம் ஆண்டு பிறந்தவள். தாய் சாப்பிட்ட மீனில் இருந்த விஷம், வயிற்றில் இருந்த குழந்தைக்குப் போய்விட்டது. தாய்க்குப் பெரிய பாதிப்பு இல்லை. பின்னால் பிறந்த பிள்ளைகளும் நன்றாக இருந்தார்கள்.

"எங்கள் விஷத்தை எல்லாம் இவள் ஒருத்தியே வாங்கிக்கொண்டாள்" என்று பெற்றோர் நினைத்தார்கள். அவளைப் பாரமாகக் கருதவில்லை. "வீட்டின் செல்வம்" என்றுதான் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகளும் அக்காளைச் சுற்றியே வளர்ந்தார்கள்.

3 மாதம் 3 ஆண்டு ஆனது

ஸ்மித் பெயர் பெற்ற பத்திரிகைப் படக்காரர். 1945-ம் ஆண்டு ஒகினாவா போர்க்களத்தில் படம் எடுத்தபோது, குண்டுச் சிதறல் பட்டுப் படுகாயம் அடைந்தவர். அவருடைய மனைவி அய்லீன். அய்லீனின் தாயார் ஜப்பானியர்.

1971-ம் ஆண்டு திருமணம் ஆன கையோடு இருவரும் மினமாட்டாவுக்குப் போனார்கள். 3 மாதம் தங்குவதாகத் திட்டம். தங்கியதோ 3 ஆண்டு! நோயால் பாதிக்கப்பட்ட ஒரு குடும்பத்தாரிடம் வீடு வாடகைக்கு எடுத்தார்கள். அய்லீனும் படம் எடுத்தார்.

இவர்கள்தான் முதலில் போனார்கள் என்று நினைத்துவிடக்கூடாது. குவபரா சிசே என்ற ஜப்பானியப் படக்காரர் 1960-ம் ஆண்டு முதலே அங்கே படம் எடுத்து வந்தார். நோயாளிகளும் 1969-ம் ஆண்டிலேயே கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய போராட்டத்தை உலகத்தின் கண் முன் கொண்டுவந்ததே ஸ்மித் தம்பதியின் பங்கு.

அந்தத் தாய் மகளைப் பராமரிக்கும் விதத்தை இருவரும் பலமுறை பார்த்தார்கள். குளிப்பாட்டும்போது படம் எடுக்க அனுமதி கேட்டார்கள். "இனி எந்தக் குழந்தைக்கும் இந்தக் கதி வரக்கூடாது" என்று எண்ணிப் பெற்றோர் சம்மதித்தார்கள்.

அடுத்த மாதமே ஸ்மித்துக்கு ஆபத்து வந்தது. 1972-ம் ஆண்டு ஜனவரி 7-ந் தேதி, கோய் என்ற இடத்தில் உள்ள கம்பெனியின் இன்னொரு தொழிற்சாலைக்கு நோயாளிகளுடன் போனார். அங்கு இருந்த ஊழியர்கள் அவரை அடித்துப் போட்டார்கள். கண் பார்வை கெட்டது. அந்த வலி கடைசிவரை அவரை விடவில்லை.

அந்த ஆண்டு ஜூன் மாதம் "லைப்" பத்திரிகையில் படம் வந்தது. 1973-ம் ஆண்டு மார்ச் 20-ந் தேதி நோயாளிகள் வழக்கில் ஜெயித்தார்கள். ஒருவருக்கு 1 கோடியே 60 லட்சம் யென் முதல் 1 கோடியே 80 லட்சம் யென் வரை நஷ்டஈடு கிடைத்தது.

"அவள் ஓய்வு எடுக்கட்டும்"

படம் புகழ் பெற்றது. ஆனால் அந்த வீட்டில் நிம்மதி குறைந்தது. "மகளின் படத்தைக் காட்டிப் பணம் சம்பாதிக்கிறார்கள்" என்று ஊரில் சிலர் பேசினார்கள். மகளுக்கு ஆடை உடுத்தி, தலைவாரி அழகு பார்த்த பெற்றோர் அவர்கள். அவள் ஆடை இல்லாமல் கிடக்கும் கோலம்தான் உலகத்துக்குத் தெரிந்தது!

1977-ம் ஆண்டு அந்தப் பெண் இறந்தாள். வயது 21. மறு ஆண்டு ஸ்மித்தும் இறந்தார். அதன் பிறகும் புத்தகங்களிலும் கண்காட்சிகளிலும் படம் வந்துகொண்டே இருந்தது. டெலிவிஷன்காரர்களும் கேட்டு வந்தார்கள். "போதும். அவள் ஓய்வு எடுக்கட்டும்" என்பதே பெற்றோரின் எண்ணமாக இருந்தது.

படத்தின் உரிமை அய்லீனிடம் இருந்தது. 1998-ம் ஆண்டு அவர் அந்தப் பெற்றோரிடம் போனார். படத்தைப் பற்றி முடிவு செய்யும் உரிமையை அவர்களிடமே ஒப்படைத்தார். இனிப் புதிதாக வெளியிட அனுமதி தருவது இல்லை என்று அறிவித்தார். பெரும் புகழும் பணமும் தரக்கூடிய படத்தை அப்படி விட்டுக்கொடுப்பது எளிய காரியம் அல்ல.

ஆனாலும், அச்சான புத்தகங்களையும் மியூசியங்களுக்குப் போன பிரதிகளையும் திரும்பப் பெற முடியுமா? 2020-ம் ஆண்டு "மினமாட்டா" என்ற சினிமா வந்தது. அதில் ஜானி டெப் ஸ்மித்தாக நடித்தார். அந்தப் போட்டோவும் திரையில் காட்டப்பட்டது. அது சரியா, தவறா என்ற வாதம் மீண்டும் கிளம்பியது.

இந்தப் பக்கத்தில் அந்தப் படம் அச்சிடப்படவில்லை.