மலரும் மயிலும்

பூந்தோட்டம் பேணுவோர்க்கு மயிலின் வருகை மகிழ்ச்சியோடு கவலையும் தருவதாகும். செடிகளை அரிக்கும் பூச்சிகளை உண்ணும் அப்பறவை, இளந்தளிரையும் மலர்மொட்டையும் கொத்தித் தின்கிறது. முயல் நாற்றுகளைக் கறிக்கிறது. முள்ளம்பன்றி மண்ணைத் தோண்டிக் கிழங்குகளை உண்கிறது.

இவற்றை நஞ்சிட்டு அழிக்க முனைவது தவறு. மயில் 1963ஆம் ஆண்டு இந்தியாவின் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது. அதனைக் கொல்வது, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமாகும். நஞ்சு கலந்த தானியம் பிற பறவைகளையும் மாய்க்கும்.

தடுத்தலே தக்க வழி. மொட்டு விடும் காலத்தில் செடிகளின்மீது வலையை இறுக்கமாகக் கட்டலாம். தளர்ந்த வலையில் பறவைகள் சிக்கிக்கொள்ளும். தோட்டத்தைச் சூழக் கம்பிவலை அமைத்து, அதன் அடிப்பகுதியை மண்ணுள் புதைத்தால், விலங்குகள் தோண்டி உட்புகுவது அரிதாகும். இவ்வாறு செய்யின் மலரும் நிலைக்கும், மயிலும் வாழும்.